இரண்டாவது திருத்தம்

எங்கள் மகன் எடுத்த படத்தில்
நான் அழகாக இருக்கிறேன்.
நீளக் கழுத்து. கோபம் வந்தால்
மூக்கு நுனி மட்டும் சிவக்கிறது.
தேங்காய் துருவிக்கொண்டே முறைப்பதற்கு
யாரோ அவளைப் பழக்கியிருக்கிறார்கள்.

கஸ்தூரியார் வீதிப் பக்கம் ஒரு மண்டபம்,
மூன்றாம் வரிசை.
எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு கதிரை,
அதில் என் கைப்பை, அவருடைய குடை.
"இதுக்கு ஆரும் வருகினமோ?" என்று கேட்ட பெடியனுக்கு
ஓம் என்றோம்
இரண்டு பேருமே.

திரையில் அவர் கோப்பையை எறிகிறார்.
இவர் ஒருநாளும் எறிந்ததில்லை.
ஞாயிறு பின்னேரம் எழுத்தாளர்கள் வருவார்கள்.
மாமா வெண்பாவில் வரவேற்பார்,
மச்சான் தன் சஞ்சிகைக்குச் சந்தா கேட்பார்,
பதினான்கு தேத்தண்ணி.
சாயம் இறங்கும் நேரங்களைச் சேர்த்துச் சேர்த்து
மூன்று வருடத்தில் மூன்று கதை எழுதினேன்.
மூன்றையும் வாசித்தார், சிவப்புப் பேனையோடு.
"நல்லாயிருக்கு" என்றார்.
பிறகு விடுபட்ட ஒற்றுகளை எண்ணிச் சொன்னார்:
பதினேழு, இருபத்திரண்டு, ஒன்பது.
குறைந்துகொண்டுதான் வந்திருக்கிறது, பாருங்கள்.
ஆனாலும் நாலாவதை நான் எழுதவில்லை.

இதை எப்படிப் படம் பிடிப்பது?
பொழிலன் பாவம்.
கோப்பையை எறிய வைத்துவிட்டான்.

இடைவேளையில் கடலைச் சுருளோடு வந்தான்.
"அம்மா, அந்த இடத்தில நீங்கள் அழுதனீங்களோ?"
"எந்த இடத்தில?"
"இனித்தான் வருது."

வந்தது.
அவள் மேசையில் கடிதத்தை வைத்துவிட்டு
பருத்தித்துறை பஸ் ஏறுகிறாள். வயலின்.
கடிதம் திரை முழுக்க விரிகிறது
சுவரளவுக்கு
என் கையெழுத்து.

போலச் செய்தது அல்ல, அதேதான்.
மடிப்பில் அந்தச் சாயக் கறை.
'விட்டு போகிறேன்' என்று நான் எழுதிய இடத்தில்
இடையில் நுழைந்த சிவப்புப் 'ப்'.
'இனி என்னால் ஏலாது' என்ற இடத்தில்
ஏலாதை வெட்டி
மேலே, அடிமட்டம் வைத்தது போல:
இயலாது.

சனம் சிரித்தது.
பின்வரிசையில் தொடங்கி எங்கள் வரிசை வரைக்கும்.
சிரிக்கத்தான் வைத்தானோ, தெரியாது.
இவர் குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

பதினொரு நாள் அக்கா வீட்டில் இருந்தேன்.
படத்தில் அவர் மழையில் நனைந்து
கேற்றடியில் வந்து நிற்கிறார்.
நடந்தது வேறு.
பிள்ளைக்குக் கொப்புளிப்பான் என்று
பஸ் கொண்டக்டரிடம் சொல்லி அனுப்பினார்.
அக்கா வளவில் வேப்பிலை முறித்துக்கொண்டு
அதே பஸ்ஸில் திரும்பினேன்.
மேசையில் கிடந்தது கடிதம், திருத்தப்பட்டு.
அடுத்த நாள் பார்த்தேன், இல்லை.
எரித்திருப்பார் என்று நினைத்தேன்.
இருபத்தாறு வருடம் அப்படித்தான் நினைத்தேன்.

கைதட்டல் முடிந்து, ஆட்கள் அவனுக்குக் கை கொடுத்து,
ஒரு பேராசிரியர் என்னையே 'பாத்திரம்' என்று சுட்டி,
எல்லாம் ஓய்ந்த பிறகு மகனைக் கேட்டேன்.
"எங்கையடா எடுத்தனீ?"
"அப்பான்ர அகராதிக்குள்ள."
கொஞ்சம் யோசித்து,
"ஏகாரப் பக்கத்தில கிடந்தது" என்றான்.

வெளியே மழை விட்டிருந்தது.
கொத்து ரொட்டிக் கடையில் தகரம் அடிபடும் சத்தத்தில்
இவர் ஏதோ சொன்னது முதலில் கேட்கவில்லை.
"அந்தப் 'ப்' சரி" என்றார் திரும்ப.
"அது போடத்தான் வேணும்."
நான் சேலையைத் தூக்கிப் பிடித்து
ஒரு வெள்ளக் குழியைக் கடந்தேன்.
"மற்றது பிழை.
வெட்டியிருக்கக் கூடாது. நல்ல சொல்."

ஒரு ஓட்டோ வேகம் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனது.

"சந்திமட்டும் நடப்பீரோ?"

"ஏலாது" என்றேன்.

தலையாட்டினார்.
அடுத்த ஓட்டோவை
குடையை நீட்டி மறித்தார்.